மரக்கால்களில் நிற்கும் மரண ரயில்

காஞ்சனபுரிக்கு அப்பால் ஆற்றோரம் நிற்கும் ஒரு மரப் பாலம் போர்க் கைதிகளின் கதையைச் சொல்கிறது. அதே பாதையில் மடிந்த மலேயாத் தமிழர்களின் கதையைச் சொல்ல மிச்சமிருப்பது கொஞ்சமே.

பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் மட்டுமே. கரும்புக் காடுகளையும் மரவள்ளித் தோட்டங்களையும் கடந்து, காஞ்சனபுரியில் ஒரு சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, மேற்கே மலைகளை நோக்கி மெதுவாகப் போகிறது. விவரம் தெரிந்தவர்கள் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்கிறார்கள். காஞ்சனபுரியிலிருந்து 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனதும் ரயில் நடை வேகத்துக்குக் குறைகிறது. வலப்பக்கம் கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் பாறைச் சுவர். இடப்பக்கம் கீழே க்வே நொய் ஆறு. தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை. மரக்கால்கள் மட்டுமே. சக்கரம் உருள உருள அவை முனகுவது பெட்டிக்குள் கேட்கிறது. கேமராக்களோடு தலைகள் வெளியே நீள்கின்றன.

இடத்தின் பெயர் தாம் க்ராசே. தாய் மொழியில் ‘தாம்’ என்றால் குகை. பாதையை ஒட்டியே ஒரு குகை, உள்ளே ஒரு புத்தர் சிலை. ரயில் இல்லாத நேரத்தில் சுற்றுலாப் பயணிகள் பாலத்தின் மீதே நடந்து போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்தப் பாலத்தை அழைத்த பெயர் வேறு: வாம்போ. 1943-ன் முற்பகுதியில் அவர்கள்தான், ஜப்பானியரின் கைதிகளாக, இதைக் கட்டினார்கள். சயாம்-பர்மா ரயில் பாதையில் எழுந்த நூற்றுக்கணக்கான மரப் பாலங்களில் இன்றும் ரயில் ஓடும் பெரிய பாலம் இதுதான்.

காட்டு மரமும் கைப்புத்தகமும்

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. சில மாதங்களில் பர்மாவும் ஜப்பான் வசமானது. ஆனால் பர்மாவிலிருந்த படைக்கு அரிசியும் குண்டும் போய்ச் சேர வேண்டுமானால் மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கடலில் நேச நாட்டு நீர்மூழ்கிகள் காத்திருந்தன. ஜூன் 1942-ல் மிட்வே சண்டையில் தோற்ற பிறகு ஜப்பானுக்குக் கடல் வழி மேலும் ஆபத்தானது. தரை வழி ஒன்று தேவைப்பட்டது. சயாமின் பான் போங்குக்கு அருகிலிருந்து மூன்று பகோடா கணவாய் வழியாகப் பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். காடு, மலை, மழை, மலேரியா. பல வருடம் பிடிக்கக்கூடிய வேலையை ஒன்றரை வருடத்துக்குள் முடிக்க முடிவாயிற்று. 1943-ல் அந்தக் கெடுவும் போதாதென்று இன்னும் நெருக்கினார்கள்.

இயந்திரம் குறைவு, இரும்பு அதைவிடக் குறைவு. தண்டவாளங்களைக்கூடப் பிற நாடுகளில் பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்தார்கள். மலேயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தண்டவாளம் பிடுங்கப்பட்டது. வழி நெடுக 600-க்கு மேற்பட்ட பாலங்கள் தேவைப்பட்டன. எஃகுப் பாலங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவை எல்லாம் மரம்.

மரக்கால் பாலத்தின் சூத்திரம் எளிது. நாலைந்து மரத்தூண்களை ஒரே வரிசையில் நிறுத்தி, தலைக்கு மேல் குறுக்கே ஓர் உத்தரம் வைப்பது. ஓரத் தூண்கள் கால் அகட்டி நிற்பவன் மாதிரிச் சற்றுச் சாய்ந்திருக்கும். பக்கவாட்டில் ஆடாமலிருக்கக் குறுக்கு மரங்கள். இப்படி ஒரு சட்டம். சில மீட்டர் தள்ளி இன்னொரு சட்டம். இரண்டுக்கும் நடுவே நீள விட்டங்கள், அதன் மேல் தண்டவாளம். உயரம் அதிகமானால் சட்டத்தின் மேல் சட்டம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் கம்பெனிகள் மேற்கே விரைந்தபோது கையாண்ட முறை இது. ஜப்பானியப் பொறியாளர்கள் பின்பற்றியதும் ஓர் அமெரிக்கப் பொறியியல் கைப்புத்தகத்தின் மாதிரியைத்தான் என்பதைக் கைதிகளில் இருந்த பொறியாளர்கள் கண்டுகொண்டார்கள்.

மரத்தைக் காட்டில் வெட்டி யானைகளும் மனிதர்களும் இழுத்து வந்தார்கள். தூண்களை நிலத்தில் அடித்து இறக்க நீராவிச் சம்மட்டி கிடையாது. கப்பியில் தொங்கும் கனத்த எடையைப் பல பேர் கயிறு பிடித்து மேலே இழுத்து, ஒரே நேரத்தில் கையை விட வேண்டும். எடை தூணின் தலையில் விழும். மறுபடி இழுக்க வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. வாம்போவில் மலை செங்குத்தாக ஆற்றில் இறங்குவதால் பாதைக்கு இடமே இல்லை. பாறையை வெடி வைத்துச் செதுக்கி, ஆற்றோரத்தில் சட்டங்களை நிறுத்தி, குன்றின் வளைவோடு பாலத்தையும் வளைத்தார்கள்.

பச்சை மரம் காயக் காயச் சுருங்கும். அடித்த ஆணி தளரும். அவசரத்தில் கட்டிய பாலங்கள் சில கட்டும்போதே சரிந்தன. ஹின்டோக்கில் ஆஸ்திரேலியக் கைதிகள் கட்டிய பாலம் மூன்று முறை விழுந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சீட்டுக்கட்டுப் பாலம்’. கைதிகள் தம்மாலான உதவியையும் செய்தார்கள். தூண்களில் கரையானை விட்டு வைத்ததாக நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள்.

1943 அக்டோபர் 17-ல் இரு திசைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கொய்டா அருகே சந்தித்தன. எட்டு நாள் கழித்துத் திறப்பு விழா. அந்தப் பாதையில் ஓடிய சி-56 வகை என்ஜின் ஒன்று இன்று டோக்கியோவில், யாசுகுனி ஆலயத்தின் அருங்காட்சியகத்தில், பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

சினிமா மறைத்த ஆற்றங்கரை

உலகத்துக்கு இந்தப் பாதையைத் தெரியவைத்தது சரித்திரப் புத்தகம் அல்ல, சினிமா. பியர் பூல் 1952-ல் எழுதிய பிரெஞ்சு நாவலை டேவிட் லீன் 1957-ல் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ என்ற படமாக எடுத்தார். ஏழு ஆஸ்கார் விருதுகள். படத்தில் வரும் மரப் பாலம் சயாமில் இல்லை. இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில், களனி ஆற்றின் மேல் கட்டி, வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் காஞ்சனபுரியில் பாலத்தைத் தேடினார்கள். அங்கே இருந்தது எஃகுப் பாலம். ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த வளைந்த கர்டர்கள். நேச நாட்டு விமானக் குண்டில் விழுந்த பகுதிக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்த நேர்கோட்டுக் கர்டர்கள் தனியாகத் தெரியும். அது நின்றது மே க்ளோங் ஆற்றின் மேல். சினிமாப் பெயரோடு ஒத்துப்போகட்டும் என்று 1960-ல் ஆற்றின் அந்தப் பகுதிக்கே ‘க்வே யாய்’ என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் நிஜமாகவே க்வே நொய் ஆற்றோரம், நிஜமாகவே மரத்தால், நிஜமாகவே கைதிகள் கட்டிய பாலம் தாம் க்ராசேயில்தான் இருக்கிறது.

பெயரையும் இடத்தையும் மாற்றியதைவிடப் பெரிய குறை ஒன்று சினிமாவில் உண்டு. மரண ரயிலில் வேலை செய்தவர்கள் வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் என்ற எண்ணத்தை அது உலகம் முழுக்கப் பதித்துவிட்டது. கைதிகள் 60,000-க்கு மேல். பிரிட்டிஷ்காரர், டச்சுக்காரர், ஆஸ்திரேலியர், சில நூறு அமெரிக்கர். அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். அது சிறிய கொடுமை அல்ல. ஆனால் அவர்களைப் போல மூன்று மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அதே பாதையில் இருந்தார்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. சரியான எண் யாரிடமும் இல்லை. அவர்களை எண்ண யாரும் நியமிக்கப்படவில்லை.

ரப்பர் மரத்தடியிலிருந்து சயாமுக்கு

மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு என்று பல மாவட்டங்களிலிருந்து கங்காணி மூலம் கப்பலேறிப் போனவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். போர் வந்ததும் துரைமார்கள் ஓடிவிட்டார்கள். ரப்பர் வாங்க ஆள் இல்லை. கூலி நின்றது, அரிசி நின்றது. லயங்களில் மரவள்ளிக் கிழங்கே சாப்பாடு.

இந்த நிலைமையில்தான் ஜப்பானியரின் அழைப்பு வந்தது. சயாமில் சில மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு, துணிமணி. முதலில் சிலர் நம்பிப் போனார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. போனவர்களிடமிருந்து செய்தி வராததால் ஆள் கிடைப்பது குறைந்தது. அதன் பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துக் கேட்டார்கள். கிராணியும் மண்டோரும் பட்டியல் போட்டார்கள். இலவச சினிமா என்று கூட்டி, கொட்டகைக் கதவை அடைத்து லாரியில் ஏற்றியதை உயிர் பிழைத்த முதியவர்கள் பலர் சொல்லிப் பதிவாகியிருக்கிறது. சயாமுக்குத் தப்பவே இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தோட்ட இளைஞர்களும் உண்டு. அதே ராணுவத்தின் படைகள் பர்மா முனைக்குப் போனபோது இந்த ரயில் பாதையையும் பயன்படுத்தின என்பது சரித்திரத்தின் விசித்திரம்.

சாமான் ஏற்றும் மூடிய வேகன்களில் பல நாள் பயணம். பான் போங்கில் இறக்கியதும் நடை. சேறும் காடுமாகப் பல நூறு கிலோமீட்டர் உள்ளே போனவர்களும் இருந்தார்கள். முகாம் என்பது மூங்கில் தூண், ஓலைக் கூரை. சில இடங்களில் கூரையும் இல்லை. மண் வெட்டுவது, கல் உடைப்பது, மரம் சுமப்பது, பாலத்துக்குத் தூண் இறக்குவது. 1943-ல் பருவமழையோடு காலராவும் வந்தது.

போர்க் கைதிகள் நிலையும் மோசம்தான். ஆனால் அவர்கள் ஒரு ராணுவம். அதிகாரிகள் இருந்தார்கள், கையில் மருந்து இல்லாவிட்டாலும் மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும், கழிப்பிடத்தைத் தள்ளி வெட்ட வேண்டும் என்று கட்டளையிட ஆள் இருந்தது. தமிழர் முகாமில் அந்த அமைப்பே இல்லை. ஒரு தோட்டத்து ஆட்கள், அவர்களோடு பெண்கள், குழந்தைகள். காலரா கண்டவர்களைத் தனிக் குடிசையில் தள்ளுவதே வைத்தியம். பிணங்களைக் குழியில் போட்டார்கள், அல்லது எரித்தார்கள். நிலைமை கைமீறியதும் ஜப்பானியரே 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும் சிங்கப்பூரிலிருந்து கைதி மருத்துவர் குழுக்களைக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழுவினர் பிற்பாடு எழுதியவை இல்லாவிட்டால் தமிழர் முகாம்களின் நிலை பற்றி இன்று தெரிந்திருப்பதில் பாதிகூடத் தெரிந்திருக்காது.

போருக்குப் பின் தொகுத்த கணக்கின்படி மலேயாவிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் 75,000-க்கு மேல். பெரும்பாலோர் தமிழர். பதிவான சாவு சுமார் 30,000. இன்னும் 20,000-க்கு மேற்பட்டவர்கள் ‘ஓடிப்போனவர்கள்’ என்று எழுதப்பட்டார்கள். மொழி தெரியாத காட்டில், காய்ச்சலோடு ஓடிப்போனவர்களில் எத்தனை பேர் வீடு சேர்ந்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பிழைத்தவர்கள் முகாம்களில் காத்திருந்து ஊர் திரும்பினார்கள். மலேயாத் தோட்டங்களில் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் நிறைந்திருந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்த உறவுகளுக்குக் கடிதம் வருவது நின்றது, அவ்வளவுதான்.

நின்ற பாலமும் போன பாலங்களும்

போர் முடிந்ததும் பாதையை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 1946-ல் சயாம் தன் எல்லைக்குள் இருந்த பகுதியைப் பிரிட்டனிடமிருந்து பன்னிரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பர்மாப் பக்கம் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. தாய்லாந்து ரயில்வே பயன்படக்கூடிய பகுதியை மட்டும் செப்பனிட்டது. காஞ்சனபுரி வரை 1949-ல், வாம்போ வரை 1952-ல், நாம் டோக் வரை 1958-ல் ரயில் விட்டார்கள். பாதை அங்கேயே முடிகிறது. அதற்கு அப்பால் கணவாய் வரை இருந்ததைக் கைவிட்டார்கள்.

தாம் க்ராசே பிழைத்தது இப்படித்தான். அது நாம் டோக்குக்கு இந்தப் பக்கம் இருந்தது. ரயில் ஓட வேண்டும் என்பதால் பாலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். உளுத்த தூணை மாற்றினார்கள், அடியில் கான்கிரீட் பாதம் வைத்தார்கள். ஈரமும் கரையானும் உள்ள ஆற்றங்கரையில் ஆளில்லாமல் விட்ட மரப் பாலம் நெடுநாள் தாங்காது. ஹின்டோக்கின் சீட்டுக்கட்டுப் பாலம் போய்விட்டது. அதற்கு மேலே, தமிழர்களும் கைதிகளும் காலராவில் கூட்டம் கூட்டமாக மடிந்த நீக்கே பகுதியில் பாலம் மட்டுமல்ல, நிலமே இல்லை. 1984-ல் முடிந்த காவ் லேம் அணையின் நீர்த்தேக்கம் பழைய பாதையையும் முகாம் இருந்த இடங்களையும் மூடிவிட்டது.

கல்லறைகளின் கதையும் இதுவேதான். 1945 செப்டம்பரில், போர் முடிந்த சில வாரங்களில், நேச நாட்டுக் குழு ஒன்று ரயில் பாதை நெடுகச் சென்று கைதிகளின் புதைகுழிகளைத் தேடியது. கைதிகள் மறைத்து வைத்திருந்த குறிப்புகள் உதவின. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழிகளை அடையாளம் கண்டார்கள். அவர்களின் உடல்கள் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாத் ஆகிய மூன்று மயானங்களுக்கு வந்து சேர்ந்தன. காஞ்சனபுரியில் மட்டும் 6,982 பேர். வெட்டிய புல், வரிசையாகக் கல், கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. ஹெல்ஃபயர் கணவாயில் ஆஸ்திரேலிய அரசு 1998-ல் அருங்காட்சியகமே திறந்தது. தங்கள் ஆட்களை அந்த நாடுகள் விட்டுவிடவில்லை.

தமிழர்களைத் தேடி எந்தக் குழுவும் செல்லவில்லை. அவர்கள் எந்த நாட்டின் சிப்பாயும் அல்ல. பிரிட்டிஷ் மலேயாவில் கூலிகள், பிரிட்டிஷ் இந்தியாவில் ஊரை விட்டுப் போனவர்கள். சில வருடங்களில் இரண்டு ஆட்சிகளும் மாறின. புதிய இந்தியாவுக்கும் புதிய மலாயாவுக்கும் வேறு கவலைகள் இருந்தன. 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்பட்டன. யாருடையது எது என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. அந்த மண்ணில் தமிழ் எழுத்தில் முதலில் அஞ்சலி எழுதியது அவர்களைக் கொன்ற அதே ராணுவம். 1944-ல் எஃகுப் பாலத்துக்கு அருகில் ஜப்பானியர் எழுப்பிய நினைவுத் தூணைச் சுற்றிப் பல மொழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழும் அவற்றில் ஒன்று.

சயாம் போன கதையை விடாமல் வைத்திருந்தது மலேசியத் தமிழ் எழுத்து. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அரசுகள் எழுதாததை எழுதின. பிறகு மலேசியாவில் பிழைத்தவர்களைத் தேடிப் பேசவைத்துப் பதிவு செய்யும் முயற்சிகள் தொடங்கின. கடைசியாக, 2023-ல், மலேசியத் தமிழர்களின் முயற்சியில், தாய்லாந்துத் தமிழர்களின் துணையோடு காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நின்றது. இடம் வாட் தாவோன் வராராம் என்ற பௌத்த ஆலயம். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்த இடம் அது. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது சங்க காலத்து வழக்கம். அந்தக் கல்லில் வீரனின் பெயரும் பீடும் எழுதுவார்கள். இங்கே எழுதப் பெயர்கள் தெரியாததால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கல்.

ஆனால் எல்லாப் பெயர்களும் தொலைந்துவிடவில்லை. தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போனார், திரும்பவில்லை என்று சொல்லும் குடும்பங்கள் மலேசியாவில் இன்னும் இருக்கின்றன. சேலம், திருச்சிப் பக்கக் கிராமங்களிலும் பழைய கடிதம், பழைய புகைப்படம், பாட்டி சொன்ன ஒரு பெயர் என்று ஏதாவது கிடைக்கலாம். அவற்றை ஒரே இடத்தில் சேர்க்கும் வேலையைத் தனிமனிதர்களும் சிறு குழுக்களுமே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். சயாமைக் கண்ணால் கண்டவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். அவர்களிடம் கதை கேட்டவர்களுக்கும் வயதாகிறது.

காஞ்சனபுரிக்குப் போகும் தமிழ்ப் பயணிகள் எஃகுப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு, தாம் க்ராசே வரை ரயிலில் போய்த் திரும்புகிறார்கள். திரும்பும் வழியில் காஞ்சனபுரி நிலையத்தில் இறங்கினால் போர் மயானமும் வாட் தாவோன் வராராமும் நடந்து போகும் தூரம்தான். முதல் இடத்தில் 6,982 பேருக்கு வரிசை வரிசையாகக் கற்கள். இரண்டாவதில் ஆயிரமாயிரம் பேருக்கு ஒரு கல். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.